முப்பத்தாறு கதவுகள்

சீனு,

நீ தியாகராய நகருக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. மயிலாப்பூரிலிருந்து ஒரே பஸ். ஏறினால் அரை மணியில் உன் முன்னால் வந்து நிற்கலாம். இரண்டு முறை ஏறியும் வந்தேன். உன்னைக் கூப்பிடாமலே திரும்பிப் போனேன். அதனால்தான் எழுதுகிறேன், அதையும் இந்தக் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஊரறியச் செய்த தப்பை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று பெரிதாக ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையான காரணம் சின்னது. உன் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. காகிதத்தைப் பார்த்தால் முடிகிறது. இருபத்தாறு வருஷம் கல்லூரியில் நின்று பாடம் சொன்னவனின் நிலைமை இது.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. நீயும் உன் நண்பன் முத்துராஜும் தியாகராய நகரில் அவன் அப்பாவின் பாத்திரக்கடை மாடியில் இரண்டு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறீர்கள். பெயர் கரைநாடு. அதில் ஆடுகிறவன் ஒரு வேடம் எடுத்துக்கொள்கிறான்: வீரன், வைத்தியன், திருடன், எதுவானாலும். ஒரே பாதையில் ஓடி, எதிரில் வந்ததைச் சுட்டுத் தள்ளி ஜெயிக்கிற ஆட்டம் இல்லை. நிலம் திறந்து கிடக்கும். இஷ்டப்பட்ட ஊருக்குப் போகலாம், அங்கே இருப்பவர்களோடு பேசலாம், அவர்கள் சொல்லும் வேலையை ஏற்கலாம், முடியாது என்று நடந்துவிடலாம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று அமெரிக்காக்காரன் பையன்களை வாரி வாரி அழைத்துக்கொண்டிருந்தபோது, நீ அந்த வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டு, பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷினின் சத்தத்துக்கு மேலே உட்கார்ந்து இதைச் செய்தாய். உன் கோபாலபுரம் மாமாவின் பிள்ளை ரவி போனான். நீ போகவில்லை. அதற்காக நான் உன்னை எத்தனை நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நிறுத்தி வைத்துத் திட்டினேன்! நீ ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை கரைநாடு கடைகளுக்கு வருகிறது.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள் நீ வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒரு உதவி கேட்டாய். "அப்பா, பத்திரிகைல ஒரு விளம்பரம் குடுக்கணும். நாலு வரி போறும். என்ன இருக்கோ அதைச் சொன்னாப் போறும்." நான் பேனாவை எடுத்தபோது உன் அம்மா உள்ளேயிருந்து, "நாலு வரின்னா நாலு வரிதான், நாப்பது ஆக்கிடாதீங்கோ" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். மயிலாப்பூரில் கொஞ்ச பேருக்குத்தான் தெரியும், ஆனால் என் எழுத்தை அநேகமாக எல்லாரும் படித்திருப்பார்கள். நாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்களில் பெண்ணின் படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்குமே, இருபது வருஷமாக அதை எழுதுகிறவன் நான். சபாக் காரியதரிசிகள் வீட்டு வாசலில் வந்து நின்று எழுதி வாங்கிப் போவார்கள். என் பெயரை ஒருவரும் போட்டதில்லை. சலங்கை கட்டிக்கொள்ளவே சோம்பல்படும் பெண்ணை "பாதங்களில் பிரபஞ்சம் சுழலும்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது உருப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் பெண்ணை "களைப்பறியாத கலைச்சுடர்" என்று எழுதியிருக்கிறேன். அதை யாரும் நம்புவதில்லை. முன்வரிசை மாமிகள் படித்துவிட்டு, எவ்வளவு கழிக்க வேண்டுமோ அவ்வளவைக் கழித்துக்கொண்டு, பஜ்ஜி எண்ணெயை அதிலேயே ஒற்றி எடுப்பார்கள். பெண்ணின் அப்பாவுக்கும் தெரியும், குருவுக்கும் தெரியும், பெண்ணுக்கே தெரியும். எங்கள் தெருக்களில் அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

உன் விளம்பரத்தையும் நான் அப்படித்தான் எழுதினேன். "ஐந்நூறு வீடுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லமாட்டார். நீங்கள் செய்வதை ஊர் ஒருபோதும் மறக்காது. எல்லையற்ற நிலம். ஆறும் கடலும் ஆவேசமாக மோதும் முகத்துவாரம்." உங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ கெட்டுப்போய், செய்ததில் பாதி அழிந்துபோன வாரம் அது. நீ படித்துப் பார்க்கவில்லை. அப்பா எழுதியது என்று உறையில் போட்டு ஒட்டி அனுப்பினாய். படிப்பாய், அடிப்பாய், நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சண்டை போட்டுத் திருத்துவோம் என்று உள்ளூர ஒரு ஆசையோடுதான் அதைக் கொடுத்தேன் என்று இப்போது சொன்னால் நம்புவாயா? நம்பாதே. அந்த எண்ணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கே சந்தேகம்.

அச்சில் வந்ததைப் பார்த்து நீ கத்தவில்லை. வரி வரியாக விரலை வைத்துக்கொண்டே போனாய். கடைசியில், "அப்பா, ஆறு கடல்ல மோதலைப்பா. அங்கே மணல்தான் இருக்கு" என்றாய். அது எந்த மணல் என்று உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு ஏழு வயது இருக்கும்போது, அடையாறு கடலில் கலக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு வாரம் முழுக்க உனக்கு வர்ணித்தேன். யானையும் யானையும் முட்டிக்கொள்வதுபோல் இருக்கும், சத்தத்தில் காது அடைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனேன். அங்கே கறுப்பாக, அசையாமல், கொஞ்சம் தண்ணீர். அதற்கு அப்பால் ஒரு மணல்மேடு. அதற்கும் அப்பால், இதோடு தனக்கொரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் கடல். "ரெண்டும் சேரவே இல்லையேப்பா" என்றாய். மழைக்காலத்தில் சேரும் என்றேன். மழைக்காலத்தில் உன்னை அழைத்துப் போகவில்லை. நீ அந்த மணல்மேட்டை அப்படியே உன் விளையாட்டில் வைத்திருக்கிறாய். இருந்ததை இருந்தபடி வைக்க நீ அன்றைக்குக் கற்றுக்கொண்டாய் என்று நினைக்கிறேன். நான்தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த விளம்பரம் வந்த மறுநாள் உன் கோபாலபுரம் மாமா எனக்குப் போன் செய்தார். உன் அம்மாவுக்கு அவர் கூடப்பிறந்த தம்பி, பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், எட்டு வருஷமாகப் போன் வந்தால் "அக்கா இருக்காளா?" என்பதற்கு மேல் என்னோடு பேசாதவர். "அத்திம்பேர், பிரமாதம்! ஐந்நூறு வீடாமே! நியூஜெர்ஸிலேர்ந்து ரவி கேக்கறான், அதை எப்படிப் பண்ணினான் சீனுன்னு. நாங்கதான் அவனைச் சரியாப் புரிஞ்சுக்கலை." நான் அந்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை உனக்கு எப்படிச் சொல்வேன்! கல்லூரியில் துறைத்தலைவர் பதவி அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று மூன்று முதல்வர்கள் எனக்கு வாக்குக் கொடுத்து, மூன்று தடவையும் என்னிடம் படித்தவனுக்கே கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர்கள் போட்டிருந்த சட்டைகூட ஞாபகம் இருக்கிறது. அத்தனையும் அந்த ஒரு நிமிஷம் மறந்தது.

அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. தொடர்புக்கு என்று நம் வீட்டு விலாசம்தானே போட்டிருந்தது. பிஸ்கட் டப்பா ஒன்று நிறைந்தது. ராஜாவின் காவல்காரனுக்கு லஞ்சம் கொடுக்க முடியுமா என்று ஒருவர். டீக்கடை போட்டு உட்காரலாமா என்று ஒருவர். சண்டையே போடாமல் சமையல்காரியாக ஊர் ஊராகப் போக ஆசை, வழி உண்டா என்று அடையாறிலிருந்து ஒரு பெண். இவர்கள் யாரும் எதையும் கழித்துப் படிக்கவில்லை, சீனு. ஒவ்வொரு வரியையும் பத்திரம்போல் படித்திருந்தார்கள். உலகத்தில் இப்படியும் படிக்கிறார்கள் என்று எனக்கு ஐம்பத்து நாலு வயதில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்துவிட்டால் என்ன என்று நான் கேட்டபோது நீ சொன்னாய்: "கதவைத் தொறந்தா உள்ளே யாராவது இருக்கணும்ப்பா. இருந்தா ஏதாவது பேசணும். பேசினா, நேத்திக்கு என்ன பேசினோம்னு அவாளுக்கு ஞாபகம் இருக்கணும். ஒரு கதவுக்கு ரெண்டு வாரம் ஆறது." நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நீ உட்கார்ந்து ஒரு அறிவிப்பு எழுதினாய். விளையாட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அரைப்பக்கம். வெளியீட்டுக்கு முந்தைய இதழில் இது வந்துவிட்டால் வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்குவார்கள் என்றாய். ஆழ்வார்பேட்டையில் பத்திரிகை ஆபீஸ் நான் கல்லூரிக்குப் போகும் வழி. "குடுத்துடறியாப்பா?" என்று கேட்டாய். கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

நான் போனேன். அது பொய்யில்லை. ஆசிரியர் எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார். "சார், கரைநாட்டைப் பத்தித்தான் தினம் நாலு பேர் கேக்கறாங்க. இந்தத் தடவை அட்டையிலயே போடறோம்" என்றார். என் பையில் உன் காகிதம் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தால் அட்டை போய்விடும். அட்டை போனால் கோபாலபுரத்திலிருந்து போன் வரும், இந்தத் தடவை அது வேறு குரலில் வரும். நான் காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது என்றேன். டம்ளரை வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

இதழ் வந்தது. அட்டையில் கரைநாடு, உள்ளே உன் அறிவிப்பு இல்லை. முன்னும் பின்னும் புரட்டினாய். "போட மாட்டேன்னுட்டாளா?" என்று என்னைக் கேட்டாய்.

"இடம் இல்லையாம்" என்றேன்.

இதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. அவர்கள் மறுக்கவில்லை. அவர்கள் உன் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. நீ அன்றைக்கே ஒரு பையை எடுத்துக்கொண்டு கடை மாடிக்குப் போனாய், எத்தனை கதவு முடியுமோ அத்தனையைத் திறந்துவிடலாம் என்று. பதினெட்டு நாளாக நீ மல்லுக்கு நிற்பது என்னுடைய வாக்கியங்களோடு. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள நீ கொடுத்த ஒரே வழியை நான்தான் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

போன சனிக்கிழமை ஏகாம்பரம் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். சைதாப்பேட்டை கோர்ட்டில் டைப்பிஸ்ட். மைத்துனர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவாராம். "சார், கரைநாடு ஆபீஸ் இதானா?" என்றார். ஆபீஸ் இல்லை, வீடு என்றேன். "ஐய, வூட்லயே செய்றீங்களா? சோக்கா கீது சார்!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கிராப் காகிதம் ஒன்றைத் தரையில் விரித்தார். முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெருக்கள். "ஐந்நூறு வூடு. தெருவுக்கு இருவதுன்னா இருவத்தஞ்சி தெரு. கரீட்டா சார்? நான் சண்டைக்கே போவ மாட்டேன். ஆத்துக்குப் பக்கமா ஒரு வூட்டாண்ட போய்க் கதவத் தட்டி, 'ரூம்பு வாடகைக்கு கெடைக்குமா'ன்னு கேக்கப் போறேன். நெஜத்துல பதினோரு வூடு மாறிட்டேன். இதுலயாச்சும் ஒரே வூட்ல இருந்து பாக்கணும். வெள்ளிக்கெழமைக்கு லீவு எழுதிக் குட்த்துட்டேன் சார்."

உன் அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதுவரை ஒன்றும் தெரியாது. ஆனால் பார்த்த பார்வையில் தெரிந்தவள்போல் இருந்தது.

"எல்லாக் கதவும் திறக்காது" என்றேன்.

"பூட்டிக்கினு கீதா? சாவி தேடணுமா? அது இன்னும் சோக்கு சார்."

"சாவி கிடையாது. அது கதவே இல்லை. சுவரில் வரைந்த படம்."

அவர் தரையில் விரித்திருந்த கிராப் காகிதத்தைப் பார்த்தார். "அப்போ புக்குல போட்டது?"

"நான் எழுதியது. ஆட்டம் என் பிள்ளை செய்தது."

"உங்க புள்ள இன்னா சொன்னாரு?"

இத்தனை கடிதத்தில், இத்தனை போனில், ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நான் பையைத் திறந்து உன் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே, டைப் அடிக்கிறவர்கள் படிப்பதுபோல, வார்த்தை வார்த்தையாகப் படித்தார். பிறகு, "நீங்க ஆடிப் பாத்தீங்களா சார் இத்த?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மாடி ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ செய்தது என்ன என்று நான் பார்த்ததில்லை. பார்க்காமலே எழுதினேன். ஆட்டத்தைப் பார்க்காமலே அரங்கேற்றக் குறிப்பு எழுதுகிறவனுக்கு அது பழக்கம்தானே.

"இத்த அப்பவே போட்ருந்தீங்கன்னா, இதுக்காகவே வாங்கியிருப்பேன் சார்" என்றார். "இப்ப நான் எத்த வாங்கறதுன்னே தெரில." கிராப் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மோரைக் குடிக்கவில்லை. என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழகிய விஷயமாக இருந்திருக்கும். நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். அவர், "வரேன்மா" என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து உன் அம்மா, "இன்னும் எத்தனை நாள் பையிலயே வெச்சுண்டு இருக்கறதா உத்தேசம்?" என்றாள்.

அன்று சாயங்காலமே உன்னைத் தேடி வந்தேன். கடையில் முத்துராஜின் அப்பா, "மேல போங்க சார், புள்ளைங்க ரெண்டும் சோறு தண்ணியில்லாமக் கெடக்குதுங்க" என்றார். பாதிப் படியில் முத்துராஜ் எதிரே வந்தான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க. நாப்பதாவது கதவைத் தொறக்கிறேன்னு உக்காந்திருக்கான். நேத்து ஒண்ணைத் தொறந்ததுல ஏற்கெனவே தொறந்த நாலு ஒடைஞ்சு போச்சு" என்றான். மாடி அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உன் முதுகு தெரிந்தது. சட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளைக்கோடு போட்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். இறங்கிவிட்டேன். நேற்றும் அப்படியே.

ஆழ்வார்பேட்டைக்கும் போனேன். இந்தத் தடவை காபி வேண்டாமென்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியர் நல்ல மனிதர். இந்தக் கடிதம் முழுவதையும், உன் அறிவிப்பையும் போட ஒப்புக்கொண்டார். ஆனால் இது அடுத்த மாத இதழில்தான் வரும். வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்கியிருப்பார்கள், கதவுகளைத் தட்டியிருப்பார்கள், என்னென்ன சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் உன்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அதை நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. கோபாலபுரத்துக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். "அப்படியா, பரவாயில்லை" என்றார் உன் மாமா. அந்தப் பரவாயில்லையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பார், இதைச் சொல்லும்போதும் எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அப்பா என்று ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால், எனக்கு இருக்கும் புத்தி இதுதான்: குறைத்துச் சொல்கிறவனை இந்த உலகம் வாசலிலேயே நிறுத்திவிடும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது. உனக்கும் அப்படி நடந்துவிடக்கூடாதே என்று பயந்துதான் உனக்கு இதைச் செய்தேன். நீ என் புத்தியைக் கேட்காதே. நாற்பதாவது கதவை விட்டுவிடு. உடைந்த நாலையும் சரிசெய். சாப்பிடு. இதன் நகலை நாளைக் காலை முத்துராஜின் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அச்சில் வருவதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும். படித்துவிட்டு வீட்டுக்கு வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. உன் அம்மா அப்படி எழுதச் சொன்னாள், அவள் சொன்னதாக மட்டும் எழுதுகிறேன்.

கீழே உள்ளது நீ எழுதியது.

"கரைநாடு வாங்க நினைப்பவர்களுக்கு. முன்பு வந்த விளம்பரத்தில் சில விஷயங்கள் கூடுதலாகச் சொல்லப்பட்டுவிட்டன. விளையாட்டில் இருப்பது இதுதான். ஊர்கள் நான்கு. வீடுகள் நூற்று எண்பது. உள்ளே போகக்கூடியவை முப்பத்தாறு. மற்றவை வெறும் சுவர். பேசக்கூடியவர்கள் ஐம்பத்திரண்டு பேர். பெரும்பாலானவர்கள் நாலைந்து வாக்கியம் பேசுவார்கள், பிறகு அதையே திரும்பச் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவோ கடை வைக்கவோ முடியாது. நிலத்துக்கு முடிவு உண்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க நாற்பது நிமிஷம் ஆகும். நீங்கள் செய்ததை ஒன்பது பேர் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்த ஒன்பது பேரைச் செய்யத்தான் எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர்களைப் பார்க்கலாம் என்று தோன்றினால் வாங்குங்கள்."

இதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. 'வெறும் சுவர்' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பா